இரண்டு ரொட்டி, ஒரு நாள் கூலி

1788 ஜூலை 13. பிரான்சில் கோதுமை முற்றி அறுவடைக்கு நின்ற நேரம். தூரேன் பகுதியில் எழுந்த ஆலங்கட்டி மழை பாரிஸ் பக்கமாகப் போய் வடக்கு எல்லையையும் தாண்டியது. இரண்டு நீண்ட பட்டைகளாக வயல்களை நசுக்கிக்கொண்டே சென்றது. பட்டைகளுக்கு நடுவில் வெறும் மழைதான். ஆயிரம் ஊர்களுக்கு மேல் விளைச்சல் போயிற்று. பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸின் பாஸ்டில் கோட்டை விழ இன்னும் ஓராண்டும் ஒரு நாளும் இருந்தன.

இரண்டையும் நேராக முடிச்சுப் போட்டால் கதை சுவையாகத்தான் இருக்கும். ஆனால் வானம் பொய்த்த ஊரெல்லாம் புரட்சி வெடிப்பதில்லை. பஞ்சம் பார்க்காத நாடு ஏது? அந்த ஆண்டு மட்டும் என்ன புதுசு?

ரொட்டிக் கணக்கைப் பார்ப்போம். பாரிஸ் கூலிக்காரர் வீட்டில் ரொட்டிதான் சாப்பாடு. நம் சோறு மாதிரி என்று சொல்லலாம், குழம்பும் காயும் கிட்டாத சோறு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு இரண்டு பெரிய ரொட்டி வேண்டும். ஒன்று ஏறக்குறைய இரண்டு கிலோ. 1788 கோடையில் ஒரு ரொட்டி 8 சூ. (சூ என்பது அந்நாளைய சில்லறைக் காசு.) 1789 பிப்ரவரியில் பதினாலரை. சாதாரணக் கூலியாளின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ. ரொட்டி வாங்கியபின் வாடகைக்கும் விறகுக்கும் என்ன மிஞ்சும்? அந்தக் குளிர்காலத்தில் விறகு இல்லாமலும் முடியாது. சேன் ஆறே உறைந்து கிடந்தது. ஆறு உறைந்ததும் நீரோட்டத்தில் சுழலும் மாவு ஆலைகள் நின்றுபோயின. தானியம் வைத்திருந்தவர்களுக்கும் அரைக்க வழியில்லை.

எர்னஸ்ட் லப்ருஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1933இல் அந்த நூற்றாண்டின் விலைகளைத் தோண்டியெடுத்து வெளியிட்டார். விலை ஏறினால் விவசாயிக்கு லாபம்தானே என்று நமக்குத் தோன்றும். லப்ருஸ் காட்டியது வேறு: சிறு விவசாயியிடம் விற்க மிச்சமே இல்லை. அவரும் சந்தையில் வாங்கித் தின்பவராகிவிட்டார். ஊரின் காசு முழுக்க ரொட்டிக்கே போனதால் துணி வாங்க ஆளில்லை. தறிகள் நின்றன. போதாததற்கு 1786 வணிக ஒப்பந்தத்தின் வழியாக மலிவான ஆங்கிலத் துணி வேறு வந்து குவிந்திருந்தது. விலை ஏற ஏற வேலை குறைந்தது. ஒரே விளைச்சல் இழப்பு ஒரே குடும்பத்தை இரண்டு பக்கமும் அடித்தது.

இருந்தும் பசி மட்டும் போதாது. அதற்கு 1775ஆம் ஆண்டே சாட்சி. அப்போதும் மோசமான விளைச்சல், ரொட்டி விலை ஏற்றம். அரியணையில், 1789இல் இருந்த அதே மன்னர் 16ஆம் லூயி. அந்த வசந்தத்தில் சுமார் 300 இடங்களில் கலவரம் நடந்தது. ராணுவம் இறங்கியது, சில வாரங்களில் கலவரம் அடங்கியது. ‘மாவுப் போர்’ என்ற பெயர்தான் மிஞ்சியது.

அதே மன்னருக்குப் பதினான்கு ஆண்டில் என்ன ஆயிற்று? கஜானா காலி. இங்கிலாந்தை எதிர்த்த அமெரிக்கர்களுக்கு உதவப்போய் ஏறிய கடனும் பழைய கடனும் சேர்ந்து, அரசின் ஆண்டுச் செலவில் பாதியை வட்டியே விழுங்கியது. பிரபுக்களும் திருச்சபையும் முக்கியமான நேரடி வரிக்கு வெளியே நின்றார்கள். 1788 ஆகஸ்டில் கஜானா பட்டுவாடாவில் ஒரு பகுதியையே நிறுத்திவைத்தது. வேறு வழியின்றி, திருச்சபையார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் சபையை, 1614க்குப் பிறகு கூடாத அந்தச் சபையை, மன்னர் கூட்டினார்.

சபைக்கு முன்னால், ஊர்தோறும் மக்கள் கூடித் தங்கள் குறைகளை எழுதித் தரும்படி அரசே கேட்டது. எனக்கு ரொட்டி விலையைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. பசி முற்றிய 1789 வசந்தத்தில், பல்லாயிரம் ஊர்களில், ஜனங்கள் உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள்: உப்பு வரி, தேவாலயத்துக்குக் கட்டும் தசமபாகம், பிரபுக்களின் வேட்டை உரிமை. புறாவைப் பற்றியும் எழுதினார்கள். பிரபு வீட்டுப் புறாக்கள் விதைத்த வயலில் இறங்கித் தின்னும். குடியானவர் ஒன்றைக்கூட அடிக்கக் கூடாது. வானத்தின் மேல் வழக்குப் போட முடியாது. புறாவுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.

அடக்க வேண்டிய சிப்பாய்களும் பழைய மாதிரி இல்லை. பாரிஸைக் காத்த பிரெஞ்சுக் காவல் படையினர் பலர் நகரத்திலேயே குடும்பம் நடத்தி, ஓய்வு நேரத்தில் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள். அதே கடையில் அதே விலைக்கு ரொட்டி வாங்கியவர்கள். ஜூலையில் அவர்களில் பலர் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள்.

பழைய தானியம் தீர்ந்து புதியது வந்துசேராத மாதம் அது. 1789 ஜூலை 13, ஆலங்கட்டி விழுந்து சரியாக ஓராண்டு. பாஸ்டிலுக்கு இன்னும் யாரும் போகவில்லை. அன்று கூட்டம் உடைத்துப் புகுந்தது சென் லசார் மடத்துக்குள். அங்கே பதுக்கியிருந்த தானியத்தை வண்டிகளில் ஏற்றிச் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள்.