பதிவிகளுக்குப் பெயர் சூட்டுவது எப்படி?

ஒரே வகுப்பில் மூன்று முருகன்கள் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? தலைப்பெழுத்தைச் சேர்த்து 'கே. முருகன்', 'எஸ். முருகன்' என்று அழைப்பார். இல்லாவிடில் ஒருவனைக் கூப்பிட்டால் மூவரும் எழுந்து நிற்பார்கள். கணிப்பொறியிலும் இதே தொல்லை உண்டு.

முற்கால மாலுமிகள் கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தனர். அக்கணக்கை எழுதிய ஏட்டுக்குக் கட்டையின் ஆங்கிலப் பெயரான 'லாக்' என்பதே பெயராயிற்று. இன்று கணிப்பொறி நிரல்கள், தாம் செய்யும் வேலைகளையும் நேரும் பிழைகளையும் எழுதி வைக்கும் குறிப்புகளுக்கும் அதே பெயர்தான். அவற்றை எழுதும் உறுப்பைப் 'பதிவி' எனலாம்.

ஒரு கல்லூரியில் விடுதிக் கட்டண நிரலும் தேர்வு முடிவு நிரலும் ஒரே அப்ளிகேஷன் சர்வரில் இயங்குவதாகக் கொள்வோம். இரண்டும் ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. 2002-இல் வெளிவந்த 1.4 பதிப்பு முதல் பதிவு வசதி ஜாவாவுடனேயே வருகிறது. அதன் அடிப்படை விதி, பெயர் ஒன்றானால் பதிவியும் ஒன்றே என்பதாகும். இரு நிரல்களும் 'கணக்கு' என்ற பெயரில் பதிவி கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதிவிதான் கிடைக்கும். குறிப்புகள் மிகுகின்றன என்று விடுதி நிரல் அதை அடக்கி வைத்தால், தேர்வு நிரலின் பிழைகளும் பதிவாகாமல் போகும். முடிவுகள் தவறாக வெளியான நாளில் காரணம் தேடினால் ஏடு வெறுமையாக இருக்கும்!

இதற்குப் பரிகாரம் என்ன? நம்மில் பலர் ஊர்ப்பெயர், தந்தை பெயர், தம் பெயர் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறோம் அல்லவா? பதிவியின் பெயரும் அப்படியே புள்ளிகளால் பிரித்து எழுதப்படுகிறது. முதலில் நிறுவனத்தின் இணைய முகவரியைத் திருப்பிப் போடுவது மரபு. 'அபாச்சி.ஆர்க்' என்ற முகவரிக்குரிய டாம்கேட் சர்வரின் பதிவிகள் 'ஆர்க்.அபாச்சி.கேட்டலினா' என்று தொடங்குவது இதனால்தான். ஒரே இணைய முகவரி இருவருக்குக் கிடைக்காது. ஆகவே பெயர்களும் மோதுவதில்லை. அதன்பின் நிரலின் பெயரும் பகுதியின் பெயரும் வரும்.

இன்னொரு நன்மையும் உண்டு. தனி ஆணை பெறாத பதிவி, தனக்கு மேலுள்ள நெருங்கிய மூதாதையின் ஆணையை ஏற்கும். எனவே 'விடுதி' என்ற கிளைக்கு ஓர் ஆணை இட்டால் அதன் கீழுள்ள பதிவிகள் அனைத்தும் அடங்கும். 'தேர்வு' என்ற கிளைக்கு எந்தப் பாதிப்பும் இராது. அனைத்துக்கும் மேலுள்ள வேர்ப்பதிவியில் கை வைத்தாலோ எல்லா நிரல்களும் பாதிக்கப்படலாம்.

ஆயினும் பெயர் மட்டும் போதாத இடம் ஒன்றுண்டு. இரு நிரல்களும் பிறர் எழுதிய ஒரே துணைநிரலைப் பயன்படுத்தினால் அதன் பதிவிப் பெயர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். இதற்காக டாம்கேட்டில் 'ஜூலி' என்னும் பகுதி ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனிப் பதிவிக் குடும்பத்தை அமைத்துத் தருகிறது. இதன் பயனைப் பெற, துணைநிரலின் படியைப் பொதுவிடத்தில் வைக்காமல் அந்தந்த நிரலுக்குள்ளேயே வைப்பது நலம்.

நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் 'கணக்கு', 'சோதனை' போன்ற ஒற்றைச்சொற் பெயர்களைத் தவிர்த்து, தொடக்கத்திலிருந்தே முழுப்பெயர் இடும் வழக்கத்தை மேற்கொள்வார்களாக.