அடுப்பே பற்றவைக்காமல் இறால் சமைக்கிறார்கள், தெரியுமா?

தோலுரித்த பச்சை இறாலை முதுகில் கீறி, இரண்டாக விரித்துத் தட்டில் பரப்புகிறார்கள். பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு மூன்றையும் சேர்த்து அரைத்த காரத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றுகிறார்கள். மேலே சன்னமாக அரிந்த சிவப்பு வெங்காயம், வெள்ளரிக்காய்த் துண்டுகள். அவ்வளவுதான், தட்டு மேசைக்கு வந்துவிடுகிறது! எண்ணெய் இல்லை, நெருப்பு இல்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி மாதிரி இருந்த சதை ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே உள்ளே போகிறது. மெக்சிகோவின் பசிபிக் கரையில் உள்ள சினலோவா மாநிலம் உயிரையே வைத்திருக்கும் அக்வாச்சீலே இதுதான்!

மந்திரம் ஒன்றுமில்லை. சூடு பட்டால் இறாலின் புரதம் எப்படி முறுக்கவிழ்ந்து இறுகுமோ, அதே வேலையை எலுமிச்சையின் புளிப்பு செய்துவிடுகிறது. ஆனால் ஒன்று: நெருப்பு கொல்லும் கிருமிகளையெல்லாம் எலுமிச்சை கொன்றுவிடாது. அதனால் இறால் அன்றைக்குப் பிடித்ததுபோல் இருந்தே ஆகவேண்டும். அக்வாச்சீலே விற்கும், மரிஸ்கெரியா எனப்படும் கடலுணவுக் கடைகள் பெரும்பாலும் பகலில் மட்டும்தான் நடக்கும், தெரியுமா? காலையில் திறப்பார்கள், மதியம் கூட்டம் அலைமோதும், பொழுது சாயும்போது நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். மீனும் இறாலும் பகல் சாப்பாடு என்பது அந்தக் கரையில் ஊறிப்போன பழக்கம். ராத்திரி எட்டு மணிக்குப் பசியோடு போய் நின்றால் ஏமாற்றம்தான்!

இன்னொரு அதிசயம். கடலோரத்தின் அடையாளமாகிவிட்ட இந்த அக்வாச்சீலே பிறந்தது கடலோரத்தில் அல்ல, மலைப்பக்கத்தில் என்கிறார்கள்! உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சியைக் கொதிநீரில் நனைத்து, காட்டு மிளகாயை நசுக்கிப் போட்டுச் சாப்பிட்டார்களாம். அது கரைக்கு இறங்கியபோது கண்டத்தின் இடத்தில் இறால் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் காட்டு மிளகாயின் பெயர் சில்தெபீன். பட்டாணி அளவு உருண்டை, கடித்தால் காது அடைக்கும் உறைப்பு. இதைக் காடெங்கும் விதைப்பது யார் தெரியுமா? பறவைகள்! மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்கவே உறைக்காது. பழத்தை விழுங்கி, விதையை முழுசாக வெளியே போட்டுவிட்டுப் பறந்துவிடும்.

மிளகாய் மெக்சிகோவின் மண்ணில் பிறந்தது. அங்கே ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது மனிதர் உணவில் இருந்தது. நம் குழம்புக்குள் அது வந்தது போர்ச்சுகீசியர் கப்பலேறி, சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்புதான். எலுமிச்சை அப்படியே எதிர்த்திசையில் போனது! ஆசியாவில் பிறந்து, அரபு நாடுகள் வழியாக ஸ்பெயின் போய், ஸ்பானியர் கையோடு மெக்சிகோ சேர்ந்தது. அங்கே கடைக்குக் கடை பிழியும் அந்தச் சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சையும் நாம் ஊறுகாய் போடும் எலுமிச்சையும் ஒரே இனம். நாம் அனுப்பியதும் அவர்கள் அனுப்பியதும் ஒரே தட்டில் சந்தித்துக்கொள்வதை நினைத்தாலே சிலிர்க்கிறது!

சரி, மேசைக்கு வருவோம். பிளாஸ்டிக் மேசை, பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் உப்பு பிஸ்கட் பொட்டலங்கள், குவாதலஹாரா நகரத்தின் வாலென்டினா மிளகாய் சாஸ், நறுக்கிய எலுமிச்சை ஒரு கிண்ணம் நிறைய. பக்கத்திலேயே மேகி! நூடுல்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் யூலியஸ் மேகி 1880-களில் உருவாக்கிய கறுப்பு சாஸ் அது. மெக்சிகோக்காரர்கள் அதை இறால் மேல் சொட்டு சொட்டாக விடுகிறார்கள். ஐஸ்கிரீம் கோப்பை மாதிரி உயரமான கண்ணாடிக் கோப்பையில் இறால், சிப்பி, ஆக்டோபஸ் எல்லாவற்றையும் தக்காளிச் சாற்றில் மிதக்கவிட்டுக் கரண்டியோடு தருவார்கள். முந்தின இரவு அதிகமாகக் குடித்தவர்களைத் தெளியவைக்கும் மருந்து என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு ஏக கிராக்கி!

பக்கத்து மாநிலமான நயாரித்தில் மெஸ்கால்டிடான் என்று வட்டமாக ஒரு குட்டித் தீவு ஊர் இருக்கிறது. மழைக்காலத்தில் தெருக்களில் தண்ணீர் ஏறி, படகில்தான் வீட்டுக்குப் போகவேண்டும். ஆஸ்டெக் மக்களின் பூர்வீகமே இதுதான் என்று ஊரார் நம்புகிறார்கள். முழு மீனைப் பிளந்து, மிளகாய் மசாலா தடவி, கம்பி வலைக்குள் வைத்துச் சதுப்புநில மரக்கட்டைத் தணலில் வாட்டும் சரந்தியாதோ இந்தப் பகுதியின் கைவண்ணம். எலும்போடு நடுமேசையில் வைத்துவிடுவார்கள். வீட்டார் மொத்தமும் ஆளுக்கொரு பக்கம் பிய்த்து, சோளச் சப்பாத்தியில் சுருட்டவேண்டியதுதான்.

மறுபடி சினலோவாவுக்கு வந்து, மாசத்லான் துறைமுகத்தில் அகிலெஸ் செர்தான் தெருவுக்குப் போனால், பெண்கள் வரிசையாகக் குடை விரித்து, வாளி வாளியாக இறால் விற்கிறார்கள். அளவுவாரியாகக் கூறு கட்டி, ஐஸ் தூவி, பேரம் பேசும் சத்தத்தில் தெருவே அதிரும். மெக்சிகோவின் பெரிய இறால் துறைமுகங்களில் ஒன்று மாசத்லான். ஆனாலும் அந்த ஊரின் இறால் வாசத்தை எனக்குச் சொல்வது துறைமுகமல்ல, இந்தப் பெண்களின் தெருதான். 1900-இல் ஜெர்மானியக் குடியேறிகள் அதே ஊரில் தொடங்கிய பசிஃபிகோ பீர்தான் இன்றும் அங்குள்ள மரிஸ்கெரியாக்களின் ஐஸ் பெட்டிகளில் குளிர்ந்துகொண்டிருக்கிறது. ஞாயிறு மதியங்களில் பித்தளை வாத்தியமும் பெரிய முரசுமாக பாண்டா கோஷ்டி மேசை மேசையாக வரும். காசு கொடுத்தால் கேட்ட பாட்டு! அந்த இசையின் புகழ்பெற்ற குழுவான எல் ரெகோதோ, மாசத்லான் அருகே உள்ள ஒரு கிராமத்தில் 1938-இல் தொடங்கியது.

அதே பசிபிக் கரையில் உள்ள கொலிமா மாநிலத்தின் பக்கம் போனால் வியப்பு இன்னும் கூடும். அங்கே தென்னம்பாளை சீவி இறக்கிய கள்ளை, சுரைக்குடுக்கையில் சுமந்துவந்து விற்கிறார்கள், வேர்க்கடலை தூவி! தென்னை சீவக் கற்றுக்கொடுத்தவர்கள் பிலிப்பைன்ஸ் மாலுமிகள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே கப்பல் ஓடியது அல்லவா, அதில் வந்தவர்கள். இந்தக் கள்ளிலிருந்து வடித்த சாராயத்தால் ஸ்பெயினின் திராட்சை ஒயின் விற்பனை படுத்துவிடும் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் மன்னருக்கே புகார் போயிருக்கிறது!

பச்சை இறால் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கும் மாசத்லானில் வழி உண்டு. இறால், குடமிளகாய் மாதிரியான பொப்லானோ மிளகாய், உருகிய சீஸ் மூன்றையும் சோளச் சப்பாத்தியில் மடித்து, கல்லில் மொறுமொறுவென்று வாட்டிய டாகோஸ் கொபெர்னதோர். 1987 முதல் 1992 வரை சினலோவா ஆளுநராக இருந்த பிரான்சிஸ்கோ லபஸ்தீதா சாப்பிட வருகிறார் என்று தெரிந்து, அவருக்கு இறால் டாகோ என்றால் கொள்ளை ஆசை என்று விசாரித்து வைத்து, லோஸ் ஆர்கோஸ் உணவகத்தில் புதிதாகச் செய்து வைத்தார்களாம். அவருக்குப் பிடித்துப்போய், அவர் பதவியின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். ஆளுநர்கள் பலர் வந்து போய்விட்டார்கள். டாகோ மட்டும் இன்றும் கரையோரக் கடைகளில் தட்டு தட்டாகப் பறந்துகொண்டிருக்கிறது!