பழைய மரத்தில் ஆணி களைதல்



வீடொன்று இடிந்து வீழ்ந்தபின் எஞ்சுவன யாவை என்று வினவினால், கல்லும் மண்ணும் என்றே பலரும் விடை கூறுவர். தச்சுத் தொழிலில் தேர்ந்த ஒருவரை வினவினாலோ, "மரம் இருக்கிறதே!" என்பார். சுவர் சரிந்த பின்னரும் வளையும், கைமரமும், சிலாகையும், கதவு நிலையும் பயன்படத்தக்கனவாய்க் கிடக்கும். ஆயினும், அவற்றை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளுமுன் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. அவற்றினுள் ஏறியிருக்கும் ஆணிகளைக் களைதல் வேண்டும். சிறு வேலை போலத் தோன்றும் இப்பணியைப் பற்றியும், அதனை எளிதாக்கவல்ல காற்று விசைக் கருவி ஒன்றைப் பற்றியும் இன்று உங்களுடன் உரையாட விழைகின்றேன்.

முதலில் ஆணியின் பழைய மதிப்பைச் சிறிது நோக்குவோம். வட அமெரிக்காவின் வேர்ஜீனியாக் குடியேற்றத்தில், பதினேழாம் நூற்றாண்டில், ஆணி ஒவ்வொன்றும் கொல்லன் கையால் அடித்துச் செய்யப்பட்டது. ஆகவே, இடம்விட்டு நீங்குவோர் தம் வீட்டுக்குத் தீயிட்டு, சாம்பலிலிருந்து ஆணிகளைப் பொறுக்கிச் செல்லும் வழக்கம் அங்கே இருந்தது. இதனைத் தடுக்க 1645ஆம் ஆண்டில் சட்டம் இயற்றினர். வீட்டை எரியாது விட்டுச் செல்பவருக்கு, அவ்வீட்டில் எத்தனை ஆணிகள் இருக்கும் என்று மதிப்பிட்டு, அத்தனை ஆணிகளை ஈடாகக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தனர். அங்கே மரம் மலிவு, ஆணி அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரங்கள் கம்பியை வெட்டி ஆணி செய்யத் தொடங்கியபின் நிலைமை தலைகீழாயிற்று. இன்று ஆணி கடையில் நிறுத்து வாங்கும் பொருள். வைரமேறிய ஒரு முதிரை வளையோ எளிதிற் கிடைப்பதன்று. அன்று ஆணிக்காக மரத்தை எரித்தனர். இன்று மரத்துக்காக ஆணியைக் களைகின்றோம்.

மரத்தின் அருமையை வன்னி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது, கூரைத் தகரத்தையும் கைமரத்தையும் கதவு யன்னல்களையும் கழற்றி, உழவு இயந்திரங்களிலும் மாட்டு வண்டிகளிலும் ஏற்றிச் சென்ற குடும்பங்கள் பல. கிளிநொச்சியில் கூரையாக இருந்த மரம் தருமபுரத்தில் கொட்டிலுக்குக் காலாயிற்று. அதற்கும் கிழக்கே பதுங்கு குழிக்கு மூடியாயிற்று. தங்கிய இடந்தோறும் அதில் புதிய ஆணிகள் ஏறின; பழையவை உள்ளேயே இருந்துவிட்டன. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. செட்டிகுளத்து மாணிக்கம் பண்ணை நலன்புரி நிலையம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரையில் மக்கள் கட்டங்கட்டமாகத் தம் காணிகளுக்கு மீண்டனர். மீண்டவர்கள் பற்றைக்குள் தேடிக் கண்டெடுத்தவற்றுள் மரமும் ஒன்று. முல்லைத்தீவுக் கரையோரத்திலோ 2004 திசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை விட்டுச் சென்ற மரங்களும் இருந்தன. உப்பு ஊறிய அவற்றின் ஆணிகள் விரைவாகத் துருவேறியவை.

மீள்குடியேற்றத்தின் பின்னர், இந்திய அரசின் உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டம் உட்படப் பல திட்டங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடைபெற்றன. அவ்வளவு வீடுகளுக்கும் கூரை மரம் வேண்டியிருந்தது. பனைகளோ போர்க்காலத்திலேயே காவலரண்களுக்காகப் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டுவிட்டன. பனை வைரமேறிச் சிலாகை தருவதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். பாலையும் முதிரையும் வளர்வதும் அவ்வாறே. ஆதலின் பழைய மரத்தில் ஒரு வளையை மீட்டெடுப்பவர், காட்டில் ஒரு மரத்தை நிற்கவிடுகிறார் எனலாம். மேலும், பழைய மரம் பல்லாண்டு உலர்ந்து பதமேறியது. பச்சை மரத்தைப் போல அது பின்னர் எளிதில் வளைவதோ வெடிப்பதோ இல்லை.

இனி, ஆணி மரத்தை ஏன் இவ்வளவு உறுதியாகப் பற்றிக்கொள்கிறது என்று பார்ப்போம். ஆணியை அறையும்போது மரத்தின் நார்கள் இருமருங்கும் ஒதுங்கி, அது செல்லும் திசையிலே சாய்ந்து, ஆணியின் உடலை இறுக நெருக்குகின்றன. அந்நெருக்கத்தால் விளையும் உராய்வே ஆணியின் பிடி. காலம் செல்ல ஈரமும் காற்றும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடத்தைக் கொள்வது. ஆகவே துளைக்குள்ளே ஆணி பருத்து, சொரசொரப்பாகி, மரத்துடன் ஒட்டிக்கொள்கிறது. முப்பது ஆண்டு கழிந்த ஆணியைப் பிடுங்கும்போது தலை மட்டும் கையோடு வந்து உடல் உள்ளேயே தங்கிவிடுவது இதனாலேயாகும்.

நம் தச்சர்கள் வழிவழியாகக் கையாளும் கருவிகள் குறடும், பிளந்த முனையுள்ள சுத்தியலும், அலவாங்குமே. கைதேர்ந்தவர்கள் ஆணியை உடனே இழுப்பதில்லை. முதலில் தலையில் மெதுவாக ஓர் அடி கொடுத்து, துருவின் ஒட்டை உடைப்பர். மண்ணெண்ணெய் சில துளி விட்டு ஊறவைப்பதும் உண்டு. பின்னர்க் குறட்டின் கீழே ஒரு மரத்துண்டை வைத்து நெம்புவர். பலகையில் தழும்பு விழாது. இவையெல்லாம் நல்ல முறைகள். ஆயினும், தலை மரத்தினுள்ளே புதைந்திருந்தால் அதனைச் சுற்றிக் குடைந்தே பிடிக்கவேண்டும். குடைந்த இடம் குழியாகும். நூறு ஆணி களைந்த பலகையில் நூறு குழிகள்! நேரமும் செல்லும், நாட்கூலியைக் கணக்கிட்டால், பழைய மரத்தை அடுப்புக்கே கொடுத்துவிடலாம் என்ற எண்ணமும் தோன்றிவிடும்.

இவ்விடத்திலேதான் காற்று விசைக் கருவி துணைக்கு வருகின்றது. சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் கடைகளில் 'கொம்பிரசர்' என்னும் காற்றமுக்கி இயந்திரத்தைக் கண்டிருப்பீர்கள். அதிலிருந்து குழாய் வழியே வரும் அழுத்தக் காற்றே இக்கருவிக்கும் உயிர். கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் இதற்கு உண்டு. முன்புறம் உள்ளீடற்ற மூக்கு ஒன்று நீண்டிருக்கும். விசையை அழுத்தியதும் காற்று உள்ளே புகுந்து ஓர் ஆடுதண்டைத் தள்ள, அது மூக்கினுள் இருக்கும் ஆணியின் கூர்முனையில் ஓங்கி அறைகின்றது. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 இறாத்தல் அழுத்தம் இருக்கும். இத்தகைய கருவிகளுக்கு வேண்டியது பொதுவாக 80 முதல் 120 இறாத்தல் வரையாகும்.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. குறடு ஆணியைத் தலைப்புறத்திலிருந்து இழுக்கின்றது. இக்கருவியோ அதனை முனைப்புறத்திலிருந்து தள்ளுகின்றது. ஆகவே தலையைப் பிடிப்பதற்காகப் பலகையைக் குடையவேண்டியதில்லை. இழுக்கும் கை மெதுவாகப் பெருகும் விசையைக் கொடுக்கிறது; அறையும் தண்டோ ஒரு கணத்தில் முழு விசையையும் கொடுத்துத் துருவின் ஒட்டை உடைத்துவிடுகிறது. தலை இற்றுப்போன ஆணியும் இவ்வாறு வெளியேறும்.

வேலை செய்யும் முறை இதுவாகும். பலகையை இரண்டு தாங்கிகளின் மேல், ஆணியின் முனை மேலேயும் தலை கீழேயும் இருக்குமாறு கிடத்துக. கீழே ஆணி விழ இடம் விட்டு ஒரு தகர வாளியை வைத்துக்கொள்க. வளைந்த முனைகளைச் சுத்தியலால் நிமிர்த்துக. பின்னர்க் கருவியின் மூக்கை ஆணியின்மேல் நேராக மாட்டி, மரத்தோடு அழுத்திப் பிடித்து, விசையை இயக்குக. சிற்றாணி ஓரடியில் கீழே விழும். நீண்ட ஆணியின் தலை மறுபுறம் எழும்பி நிற்கும். பலகையைப் புரட்டிக் குறட்டால் எடுத்துவிடலாம். கருவியைச் சரித்துப் பிடித்தால் ஆணி நடுவே மடங்கி மரத்தைப் பிளக்கும் என்பதை மறவற்க.

எல்லா ஆணிக்கும் இது மருந்தாகாது. முனை வெளியே தெரியாத ஆணிக்குப் பழைய முறையே வேண்டும். திருகாணியை அறைந்தால் மரம் சிதையும். அதனைத் திருகியே எடுக்கவேண்டும். உளுத்த மரத்திலும், ஓரத்தில் வெடிப்புள்ள பனஞ் சிலாகையிலும் ஓங்கிய அடி தீமையே செய்யும். கையால் பத்து ஆணி பிடுங்குமிடத்தில் இதனை வருவிப்பது வீண். நூற்றுக்கணக்கான ஆணிகள் உள்ளவிடத்திலேயே இது தன் விலையை ஈடுசெய்யும்.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். வெளியேறும் ஆணி வேகமாகப் பாயக்கூடியது. ஆதலால் பலகையின் மறுபுறம் எவரும் நிற்றலாகாது; சிறுவர்களை அருகிலேயே விடலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், செவிக்கு அடைப்பானும், காலுக்குத் தடித்த சப்பாத்தும் வேண்டும். ஆணியை மாட்டும்போது விரல் விசைமேல் இருத்தலாகாது. வேலை முடிந்ததும் காற்றுக் குழாயைக் கழற்றிவிடுக. துருவேறிய ஆணி குத்தினால், காயம் சிறிதென்று இருந்துவிடாமல், கழுவி, வைத்தியசாலைக்குச் சென்று ஏற்பு ஊசியைப் பற்றிக் கேட்டறிக.

நம் பிரதேசத்துக்கே உரிய அபாயம் வேறொன்று. இங்குள்ள பழைய மரத்தில் இருப்பது ஆணி மட்டுமன்று. எறிகணைச் சிதறலும் துப்பாக்கிச் சன்னமும் இருக்கக்கூடும். இத்துன்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. முதலாம் உலகப் போரில் குண்டு மழை பொழிந்த பிரான்சின் லொறேன் பகுதிக் காட்டு மரங்களில், நூறாண்டு கடந்தும் உலோகத் துண்டுகள் புதைந்திருக்கின்றன. அம்மரத்தை அறுக்கும் ஆலைகள் இன்றும் அஞ்சுகின்றன. சுழலும் வாளின் பல் ஒரு துண்டில் பட்டால் வாளும் கெடும்; பல் உடைந்து தொழிலாளியையும் தாக்கும்.

ஆகவே ஆணி களைந்தபின்னும் மரத்தைச் சோதித்தல் கடமை. பழுதடைந்த வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் நல்ல காந்தம் இருக்கும். அதனை நூலிற் கட்டிப் பலகையின்மேல் மெல்ல நகர்த்தினால், மேற்பரப்பை அடுத்துள்ள இரும்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும். மரத்தில் கருநீலக் கறை தென்படும் இடத்தைச் சிறப்பாக ஆராய்க. இரும்பு மரச்சாற்றுடன் கலந்து உண்டாக்கும் கறை அது. ஆனால் ஈயமும் செம்பும் காந்தத்துக்கு அகப்படா. சன்னங்களில் அவ்வுலோகங்களும் இருக்கும். எனவே வாளுக்குக் கொடுக்குமுன் உலோகங்காட்டிக் கருவியால் சோதிப்பதே முறை.

இன்னும் ஒன்று. பதுங்கு குழியிலோ பற்றைக்குள்ளோ கிடந்த மரத்தில் இன்னதென்று விளங்காத உலோகப் பொருள் எதனையும் கண்டால், அதன்மேல் சுத்தியலும் படலாகாது. காற்றுக் கருவியும் படலாகாது. கையை எடுத்து, வந்த வழியே திரும்பி, பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவித்துவிடுக. ஒரு வளையின் விலை ஓர் உயிரின் விலைக்கு ஈடாகாது.

புகையிரதப் பாதையின் சிலிப்பர்க் கட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990ஆம் ஆண்டில் வடக்குப் புகையிரதம் நின்றபின் தண்டவாளமும் கட்டையும் பதுங்கு குழிகளுக்குச் சென்றன. கிளிநொச்சிக்கு 2013 செப்ரெம்பரிலும் யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபரிலும் புகையிரதம் மீண்டும் வந்தது. கட்டைகள் எங்கே கிடப்பினும் அரச உடைமை என்பதை நினைவிற் கொள்க. அன்றியும், கீல் எண்ணெய் ஊட்டிய கட்டையின் புகை நஞ்சு; அதனை அடுப்பில் வைத்தல் தகாது. எம்மரத்தையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஏற்றிச் செல்லுமுன், கிராம அலுவலரிடமும் வனத் திணைக்களத்திடமும் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்வதும் நன்று.

இக்கருவியை வீட்டுக்கு வீடு வாங்க இயலுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டியதே இல்லை. நெல் அடிக்கும் இயந்திரம் ஊருக்கு ஒன்றிரண்டு இருந்து எல்லா வயல்களுக்கும் செல்வதைப் போல, ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமோ, தச்சுத் தொழிலாளர் சங்கமோ ஒன்றை வைத்திருந்து வாடகைக்கு விடலாம். காற்றமுக்கி முன்னரே உள்ள கடைக்காரருக்குச் செலவு இன்னும் குறையும். தொழிற்பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு இது ஒரு வருவாயாகவும் அமையும்.

பாடசாலை அதிபன் என்ற முறையில் மற்றொன்றையும் கூறுவேன். பாடசாலைகளின் பின்புறத்தில் கால் ஒடிந்த மேசைகளும் வாங்குகளும் குவிந்து கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கழிக்கப்பட்ட தளபாடம் என்று ஏட்டில் எழுதிவிட்டால் அதன் கதை முடிந்தது. ஆனால் அக்குவியலில் பலகைகள் பெரும்பாலும் பழுதற்றவை, ஒடிந்தவை பொருத்துகளே. உரிய அனுமதி பெற்று, வளர்ந்தோர் ஆணி களைந்து, தச்சர் ஒருவர் பொருத்தித் தந்தால், மூன்று உடைந்த வாங்குகளிலிருந்து இரண்டு நல்ல வாங்குகள் எழும். தரையில் அமர்ந்து எழுதும் ஒரு பிள்ளைக்கு அது சிறிய பேறன்று.

பிடுங்கிய ஆணிகளை என் செய்வது? நிமிர்த்தி மறுபடி அறைவது சிக்கனம் போலத் தோன்றும். வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் அவை போதும். துருவால் மெலிந்த ஆணியைக் கூரைக்கு இடுதல் கூடாது; கச்சானும் வாடைக் காற்றும் அதன் வலிமையைச் சோதித்துவிடும். எஞ்சியவற்றை எண்ணி வாளியிலிட்டுப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம். முற்றத்தில் மட்டும் ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் உள்ள வீடுகள் நம்முடையவை.