பெட்ரோலா, டீசலா? வேகமும் வேணும், குடும்பமும் உட்காரணும்னா எது லாபம்?

"சார், அஞ்சு பேர் வசதியா உட்காரணும், டிக்கில லக்கேஜ் போகணும், ஆனா ஓட்டும்போது ஒரு கெத்து இருக்கணும். டீசல் எடுக்கவா, டர்போ பெட்ரோல் எடுக்கவா?" கோட்டூர்புரத்துல நான் பார்க்கற கிளையன்ட்ஸ்ல, வரி ஃபைலிங் முடிஞ்சு கிளம்பும்போது இப்படிக் கேட்கறவங்க நிறைய பேர்.

ஒரு சிஏ கிட்ட ஏன் இந்தக் கேள்வினு தோணலாம். 20 லட்ச ரூபா வண்டி சென்னை ரோட்டுக்கு வரும்போது 24 லட்சத்தைத் தாண்டிடுது. வீட்டுக்கு அடுத்தபடியா பல குடும்பங்கள் செய்யற பெரிய செலவே இதுதான். வீட்டோட விலை ஏறும், காரோட விலை இறங்கும். அதனால இந்த முடிவைக் கொஞ்சம் கணக்குப் போட்டே எடுக்கலாம்.

"டீசல்தான் சிக்கனம்" எப்ப உண்மையா இருந்துச்சு?

உங்க அப்பாவோ மாமாவோ "கண்ணை மூடிட்டு டீசல் எடு"னு சொன்னா, அது அவங்க காலத்துக்குச் சரியான அறிவுரை. 2012 மே மாசம் டெல்லியில பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய்க்கு மேல, டீசல் 41 ரூபா. வித்தியாசம் 32 ரூபா! காரணம், பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூன்லயே எடுத்துட்டாங்க. டீசலுக்கு அரசு மானியம் தொடர்ந்துச்சு. 2014 அக்டோபர்ல டீசல் விலையையும் சந்தைக்கே விட்டாங்க. அங்கேயே அந்தக் கதை முடிஞ்சு போச்சு.

2024 மார்ச்ல 2 ரூபா குறைச்ச பிறகு சென்னையில பெட்ரோல் சுமார் 101 ரூபா, டீசல் சுமார் 92.50 ரூபா. வித்தியாசம் எட்டரை ரூபா மட்டும்தான்.

அடுத்தது பிஎஸ் 6. 2020 ஏப்ரல் 1-லிருந்து இந்த விதி வந்ததும், டீசல் இன்ஜினுக்குப் புகை சுத்திகரிக்கற கருவிகள் கூடுதலா தேவைப்பட்டுச்சு, விலையும் ஏறுச்சு. மாருதி, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மூணு பேரும் இந்தியாவுல டீசல் காரையே நிறுத்திட்டாங்க. ஐரோப்பாவுல டீசல்லயும் பெட்ரோல்லயும் கிடைச்ச ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், அதுக்கு முன்னாடியே 2017-ல இந்தியாவுக்கு வந்தப்ப பெட்ரோல்ல மட்டும்தான் வந்துச்சு.

நம்ம ஊர் வண்டியையே எடுத்துக்குவோம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில தயாராகற ஹூண்டாய் கிரெட்டாவை உதாரணமா வெச்சுக்கலாம். சாதாரண பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல்னு மூணு இன்ஜினும் 1.5 லிட்டர். ஒப்பிடறதுக்கு வசதி.

டர்போ பெட்ரோல்: 160 பிஎஸ் பவர், 253 என்எம் டார்க்.
டீசல்: 116 பிஎஸ் பவர், 250 என்எம் டார்க்.

டார்க் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சிக்னல்ல இருந்து கிளம்பற இழுவை, ஆளும் லக்கேஜுமா மேம்பாலம் ஏறற தெம்பு ரெண்டுலயும் இருக்கு. ஹைவேல லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதுதான் அந்த 44 பிஎஸ் வித்தியாசம் தெரியும். ஸ்போர்ட்டி மாடலான கிரெட்டா என் லைனுக்கு டீசல் கொடுக்காம டர்போ பெட்ரோல் மட்டும் கொடுத்திருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

இப்ப விலை. 2024 ஜனவரில இந்த மாடல் லாஞ்ச் ஆனப்ப, டாப் வேரியன்ட்ல டீசல் ஆட்டோமேட்டிக்கும் டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கும் ரெண்டுமே எக்ஸ்-ஷோரூம் சுமார் 20 லட்சம். அதே வேரியன்ட்ல சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் சுமார் 18.70 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு வண்டிக்கு மொத்த வரி 45 சதவீதத்துல இருந்து 40 ஆனதால விலை இறங்கியிருக்கு. நீங்க புக் பண்ணும்போது இருக்கற விலையை வெச்சு இதே கணக்கைப் போட்டுக்குங்க.

கவனிச்சீங்களா? "டீசலுக்கு ஒரு லட்சத்துக்கு மேல கூடுதல்"னு சொல்றது சாதாரண பெட்ரோலோட ஒப்பிடும்போதுதான். டர்போவோட ஒப்பிட்டா கூடுதல் விலையே இல்ல. அதனால நமக்கு ரெண்டு கணக்கு வேணும்.

கணக்கு 1: சாதாரண பெட்ரோல் எதிர் டீசல்

விலை வித்தியாசம்: ரூ. 1,30,000
அதுக்கு 18 சதவீத ரோடு டாக்ஸ்: ரூ. 23,400
இதை 9 சதவீத வட்டியில 5 வருஷ லோன்ல போட்டா வட்டி: சுமார் ரூ. 37,600
மொத்தம்: சுமார் ரூ. 1,91,000

இனி ஓட்டற செலவு. கம்பெனி சொல்ற மைலேஜை விட்டுட்டு, சென்னை டிராஃபிக்கும் கொஞ்சம் ஹைவேயும் கலந்து நான் எடுத்துக்கிட்ட அனுமானம் இது. உங்க அனுபவம் வேற மாதிரின்னா எண்ணை மாத்திக்குங்க.

சாதாரண பெட்ரோல்: லிட்டருக்கு 12 கி.மீ. – கிலோமீட்டருக்கு ரூ. 8.42
டர்போ பெட்ரோல்: 10.5 கி.மீ. – ரூ. 9.62
டீசல்: 14.5 கி.மீ. – ரூ. 6.38

டீசல்ல கிலோமீட்டருக்கு ரூ. 2.04 மிச்சம். சர்வீஸுக்கு வருஷம் 3,000 ரூபா கூட ஆகும்னு கழிச்சுட்டா, அந்த 1.91 லட்சம் திரும்பி வர ஆகற காலம்:

வருஷம் 10,000 கி.மீ. ஓட்டினா – சுமார் 11 வருஷம்
20,000 கி.மீ. – சுமார் 5 வருஷம்
25,000 கி.மீ. – சுமார் 4 வருஷம்

"விக்கும்போது டீசலுக்கு நல்ல ரேட் கிடைக்குமே?"னு கேப்பீங்க. சரி, கூடுதலா கொடுத்த 1.30 லட்சத்துல பாதி திரும்பி வந்துடுச்சுன்னே வெச்சுக்குவோம். அப்பவும் 10,000 கி.மீ. ஓட்டறவருக்கு 7 வருஷத்துக்கு மேல ஆகும்.

கணக்கு 2: டர்போ பெட்ரோல் எதிர் டீசல்

வாங்கற விலை ஒண்ணுதான்கறதால, ஷோரூமை விட்டு வெளியே வந்த முதல் கிலோமீட்டர்லயே டீசல் முன்னாடி போயிடுது. கிலோமீட்டருக்கு ரூ. 3.24 மிச்சம். வருஷம் 10,000 கி.மீ. ஓட்டி, சர்வீஸ் செலவைக் கழிச்சா ரூ. 29,400. மாசத்துக்கு ரூ. 2,450.

அந்த 44 பிஎஸ்ஸோட வாடகை அவ்வளவுதான். அது அதிகமா கம்மியானு நான் சொல்ல முடியாது. சில பேருக்கு அது ஞாயித்துக்கிழமை ஈசிஆர் சந்தோஷம். சில பேருக்கு அது குழந்தை பேர்ல போட வேண்டிய எஸ்ஐபி. மாசம் 2,450 கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுங்க, அது போதும்.

உங்க கிலோமீட்டரை நிஜமா எண்ணுங்க

"நான் நிறைய ஓட்டறவன் சார்"னு எல்லாரும் சொல்வாங்க. கோட்டூர்புரத்துல இருந்து டைடல் பார்க் போற ஒருத்தரோட கணக்கைப் பார்ப்போம். ஆபீஸ் போக வர 10 கி.மீ., மாசம் 22 நாள், வருஷத்துக்கு 2,640. ஸ்கூல், கடைக்கு தினம் 5 கி.மீ.னா 1,825. திருநெல்வேலி ஊருக்கு ரெண்டு தடவை போய் வந்தா 2,500. பாண்டிச்சேரிக்கு ஆறு தடவை, 1,800. கூட்டினா 8,765. பத்தாயிரம்கூட வரல!

இந்த மாதிரி ஓட்டத்துக்கு டீசல்ல இன்னொரு சிக்கல் இருக்கு. பிஎஸ் 6 டீசல்ல டிபிஎஃப்னு ஒரு கரி வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அது தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்கணும்னா, இன்ஜின் நல்லா சூடாகி கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடணும். மத்திய கைலாஷ் சிக்னல் தாண்டறதுக்குள்ள ஆபீஸ் வந்துடற வண்டியில அது நடக்காது. கரி அடைச்சு வார்னிங் லைட் எரியும், கவனிக்காம விட்டா பெரிய செலவு. சில டீசல் மாடல்களுக்கு யூரியா கரைசலும் அப்பப்ப ஊத்தணும்.

பெட்ரோல் பக்கமும் ஒரு விஷயம் இருக்கு. இப்ப பங்க்ல கிடைக்கறது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அளவுக்கு அளவு எத்தனால்ல சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. மைலேஜ்ல கொஞ்சம் அடி விழும். அதனாலதான் மேல பெட்ரோல் எண்களைக் கஞ்சத்தனமாவே எடுத்தேன்.

தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ்ல ஒளிஞ்சிருக்கற படி

2023 நவம்பர்ல மாத்தின விகிதப்படி ஆயுள் வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதுக்கு மேல 20. எல்லையைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும் இல்ல, முழு விலைக்கும் புது விகிதம்.

4 மீட்டருக்குள்ள இருக்கற சின்ன எஸ்யூவி பார்க்கறவங்க இதை ரொம்பக் கவனிக்கணும். பெட்ரோல் 9.80 லட்சம்னா வரி ரூ. 1,27,400. அதே வண்டி டீசல் 10.60 லட்சம்னா வரி ரூ. 1,90,800. சேல்ஸ்மேன் சொல்ற வித்தியாசம் 80,000. உங்க பாக்கெட்ல இருந்து போறது 1,43,400! ஆன்-ரோடு கொட்டேஷன் ரெண்டையும் கையில வாங்கிட்டுத்தான் பேச்சே.

10 லட்சத்துக்கு மேல வண்டி வாங்கினா 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பாங்க. இது செலவு இல்ல, உங்க பான்ல வரவாகற முன்பணம். ரிட்டர்ன்ல க்ளைம் பண்ண மறந்துடாதீங்க.

தொழில் பண்றவங்களுக்கு

தொழிலுக்கு ஓட்டற அளவுக்குத் தேய்மானம் வருஷம் 15 சதவீதம், லோன் வட்டி, எரிபொருள் எல்லாம் செலவாக் காட்டலாம். ஆனா வருமானத்துல பாதியை லாபம்னு காட்டற பிரிசம்ப்டிவ் முறையில இருக்கற டாக்டர், ஆர்க்கிடெக்ட் இதைத் தனியா கழிக்க முடியாது. சொந்த உபயோகத்துக்கான காருக்குக் கட்டின ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட்டும் பொதுவா கிடையாது. கம்பெனி லீஸ்ல எடுக்கற சம்பளக்காரங்க, இன்ஜின் 1.6 லிட்டரைத் தாண்டினா பெர்க்விசிட் மதிப்பு கூடும்கறதை ஞாபகம் வெச்சுக்குங்க. 2 லிட்டர் டீசல் எடுக்கறவங்க இதுல மாட்டுவாங்க.

அப்ப என்னதான் எடுக்கறது?

வருஷம் 12,000 கி.மீ.க்குள்ள, அதுவும் சிட்டிக்குள்ளன்னா: சாதாரண பெட்ரோல். மிச்சமாகற ஒன்றரை லட்சத்தை முதலீட்டுல போடுங்க.

அதே ஓட்டம், ஆனா ஓட்டறதுதான் உங்க சந்தோஷம்னா: டர்போ பெட்ரோல். அதை முதலீடுன்னு வீட்ல சொல்லாதீங்க, ஆசைன்னு சொல்லுங்க.

20,000-க்கு மேல, ஹைவே அதிகம், அஞ்சு வருஷத்துக்கு மேல வெச்சிருப்பேன்னா: டீசல், தயங்காம. டெல்லி பக்கம் கொண்டு வந்த 10 வருஷ டீசல் தடை நம்ம ஊர்ல இல்ல. ஆனா வேலை மாறி அந்தப் பக்கம் போற வாய்ப்பு இருந்தா, அங்க அப்ப இருக்கற விதியைப் பார்த்துக்குங்க.

ரெண்டுக்கும் நடுவுல இருக்கறவங்க, இப்ப இருக்கற வண்டியோட ஓடோமீட்டரைப் போய்ப் பாருங்க. மொத்த கிலோமீட்டரை வாங்கின வருஷத்தால வகுங்க. வர்ற எண்ணை மேல இருக்கற கணக்குல போட்டுப் பார்த்துட்டு அப்புறம் டெஸ்ட் டிரைவுக்குப் போங்க. டெஸ்ட் டிரைவ் முடிச்சுட்டு வந்து கணக்குப் போட்டா, கணக்கு எப்பவும் டர்போ பக்கம்தான் சாயும்!