பாதாமிக்குப் பாறை ஏறப் போறீங்களா? டிக்கெட் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

உடையார்பாளையத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தால், ஏறுவதற்கு உயரமாகத் தெரிவது கோவில் கோபுரமும் செல்போன் டவரும்தான். அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம். சுண்ணாம்புக் கல்லும் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்களும் இங்கே ஏராளம். ஆனால், கயிறு கட்டி ஏறும்படியான செங்குத்துப் பாறை கிடையாது.

ஆனாலும் பாறை ஏற்றம் இந்தப் பக்கத்து இளைஞர்களின் மொபைலுக்கு வந்து ரொம்ப நாளாகிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இந்த விளையாட்டு சேர்க்கப்பட்டது, பாரிஸிலும் தொடர்ந்தது. அப்புறம் என்ன? 'மச்சான், பாதாமி போலாமா?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்டாலே போதும், பாதி ப்ளான் ரெடி. மீதிப் பாதியில்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் இருக்கின்றன.

ஏன் பாதாமி?

கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில், இரண்டு செம்மணற்கல் குன்றுகளுக்கு நடுவே, அகஸ்தியர் ஏரியை ஒட்டி இருக்கும் சிறு நகரம் பாதாமி. பாறை ஏறுபவர்களுக்கு இந்தியாவில் முக்கியமான ஊர்களில் ஒன்று. பாறையில் துளையிட்டு போல்ட் பதித்த ஏறுபாதைகள் இங்கே நிறைய உண்டு. முதன்முறை ஏறுபவருக்கான எளிய பாதையும் இருக்கிறது. நாட்டிலேயே மிகக் கடினமான பாதைகளும் இருக்கின்றன.

தமிழர்களுக்கு இந்த ஊரின் பழைய பெயர் நன்றாகத் தெரியும். இதுதான் வாதாபி. சாளுக்கியரின் இந்தத் தலைநகரைப் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் 642-ல் கைப்பற்றினான். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்குக் கதை ஞாபகம் இருக்கும். நரசிம்மவர்மனின் கல்வெட்டு ஒன்று இன்றும் அங்கே பாறையில் இருக்கிறது.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் வந்துவிட்டால் பாறை சுட ஆரம்பித்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வியர்த்த விரல் பாறையில் நிற்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை.

மழைக்கு இங்கே தனிக் காரணம் உண்டு. மணற்கல் தண்ணீரை உறிஞ்சும். நனைந்த மணற்கல் வலுவிழந்துவிடும். பிடிக்கும் விளிம்பு கையோடு பெயர்ந்து வரலாம், போல்ட்டைச் சுற்றியுள்ள கல்லும் நம்பகமாக இருக்காது. வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். எனவே நல்ல மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் பாறையில் கை வைக்கக் கூடாது. 'லீவு போட்டு வந்துட்டோம், ஏறித்தான் ஆகணும்' என்பது இந்த ஊரில் செல்லாது. அந்த நாள்களைக் குகைகளுக்கும், சுமார் 22 கி.மீ. தொலைவிலுள்ள பட்டடக்கல்லுக்கும் ஒதுக்கலாம்.

நம் ஊரில் கார்த்திகை மழை பிடிக்கும் நேரத்தில் அங்கே பெரும்பாலும் வானம் தெளிந்திருக்கும். பொங்கல் விடுமுறை சரியான பருவத்தில் வருகிறது. ஆனால் கூட்டமும் ரயிலில் இடமின்மையும் கூடவே வரும்.

எத்தனை நாள் லீவு வேண்டும்?

உடையார்பாளையத்திலிருந்து கிளம்புபவர் முதலில் பெங்களூரு போக வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகச் செல்லும் மைசூரு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் பெங்களூரு. அங்கிருந்து மாலையில் புறப்படும் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ், ஹூப்ளி, கதக் வழியாக மறுநாள் காலை பாதாமியில் இறக்கிவிடும். ஸ்டேஷனிலிருந்து ஊர் சுமார் 5 கி.மீ.; ஆட்டோ, பஸ் கிடைக்கும். ரயில் நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் முன்பதிவின்போது சரிபார்த்துக்கொள்ளவும்.

ஆக, போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு. மூன்று நாள் பாறையில் இருக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு வாரம் தேவை. பெங்களூருவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒரு நீண்ட வார இறுதியில் முடியும். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கும். அதற்கேற்ப தேதியை முடிவு செய்யலாம்.

பெங்களூருவில் வீணாகும் பகலை உபயோகமாக்க ஒரு வழி உண்டு. கண்டீரவா ஸ்டேடியத்தில் செயற்கை ஏறுசுவர் இருக்கிறது. நகரில் தனியார் உள்ளரங்குச் சுவர்களும் உண்டு. திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்து, ஒரு மணி நேரம் அங்கே ஏறிப் பார்த்துவிட்டால், உயரம் ஒத்துக்கொள்கிறதா என்பது பாதாமிக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

ரோப் பிடிக்கிறது யாரு?

இந்தப் பயணத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான். பாறை ஏற்றத்தில் ஏறுபவர் ஒருவர். கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவர் இன்னொருவர். இந்தப் பிடிக்கும் வேலைக்கு 'பிலே' என்று பெயர். மேலே இருப்பவர் கை நழுவினால், அவரைத் தடுத்து நிறுத்துவது கீழே இருப்பவரின் கவனம் மட்டுமே. அவர் அந்த நொடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த உபகரணமும் முழுப் பாதுகாப்பு தராது.

புதிதாக வருபவர்கள் 'டாப் ரோப்' முறையில் தொடங்க வேண்டும். கயிறு முன்கூட்டியே உச்சியில் உள்ள நங்கூரம் வழியாகப் போடப்பட்டிருக்கும். விழுந்தால் சிறிது தூரம்தான். 'லீட்' முறை வேறு. ஏறுபவரே வழியில் ஒவ்வொரு போல்ட்டிலும் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். கடைசி போல்ட்டுக்கு 2 மீட்டர் மேலே நழுவினால், கீழே 4 மீட்டருக்கு மேல் விழ வேண்டிவரும். முறையான பயிற்சி இல்லாமல் லீட் வேண்டாம்.

அதனால் முதல்முறை போகிறவர்களுக்குப் பயிற்சியாளர் கட்டாயம். பெங்களூருவில் உள்ள ஜெனரல் திம்மையா தேசிய சாகசப் பயிற்சி நிறுவனம் கர்நாடகத்தில் பாறை ஏற்றப் பயிற்சிகள் நடத்துகிறது. பாதாமியிலேயே உள்ளூர் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். யாரிடம் போனாலும் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

• எங்கே பயிற்சி பெற்றீர்கள்? சான்றிதழ் இருக்கிறதா?
• ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்?
• கயிறும் ஹார்னஸும் எந்த வருடம் வாங்கியவை? பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் துணி, நைலான் பொருள்களைப் 10 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.
• எல்லோருக்கும் ஹெல்மெட் உண்டா?
• யாராவது அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி?

கேட்டவுடன் கோபப்படுபவரிடம் போக வேண்டாம். நல்ல வழிகாட்டிகள் இந்தக் கேள்விகளை எதிர்பார்ப்பார்கள்.

எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

முதல் பயணத்துக்கு எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. ஷூ மட்டும் அவரவர் அளவுக்குச் சரியாக இருந்தால் போதும். மற்றவை வழிகாட்டியிடமே இருக்கும். வாங்குவதாக இருந்தால் சி.இ. அல்லது யூ.ஐ.ஏ.ஏ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காரபைனரில் 20 கே.என். அல்லது அதற்கு மேல் பொறித்திருக்கும். ஏறக்குறைய 2 டன் எடைக்குச் சமமான விசையைத் தாங்கும் என்று அர்த்தம். சாவிக்கொத்துக்காக விற்கும் காரபைனர் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். அதில் ஆளைத் தொங்கவிட முடியாது.

கயிறும் அப்படித்தான். ஹார்டுவேர் கடை நைலான் கயிறு எடையைத் தாங்கலாம். ஆனால் பாறை ஏற்றக் கயிறு மாதிரி நீண்டு கொடுத்து விழும் வேகத்தை உள்வாங்காது. அந்த அதிர்ச்சி முழுக்க உடம்பிலும் நங்கூரத்திலும் இறங்கும்.

இன்னொரு கணக்கும் முக்கியம். கயிறு மேலே போய்த் திரும்பி வர வேண்டும். 60 மீட்டர் கயிறு இருந்தால், 30 மீட்டருக்குள் இருக்கும் பாதையில் மட்டுமே ஒருவரைப் பத்திரமாக இறக்க முடியும். பாதை அதைவிட நீளமாக இருந்தால், இறக்கும்போது கயிற்றின் நுனி பிலே கருவியிலிருந்து நழுவிவிடும். உலகம் முழுக்க அனுபவசாலிகளும் இந்தத் தவற்றில் விழுந்திருக்கிறார்கள். தடுக்கும் வழி எளிது: தொடங்கும் முன் கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு.

எங்கே ஏறக் கூடாது?

பாதாமியின் நான்கு குடைவரைகளும் கோட்டையும் ஏரிக்கரைக் கோவில்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. மூன்றாவது குடைவரையில் 578-ம் ஆண்டுக் கல்வெட்டே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஏறுபாதைகள் சில இவற்றுக்கு அருகிலேயே இருப்பதால், எந்தப் பாறையில் இப்போது ஏறலாம் என்று வழிகாட்டியிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும்.

பாறைமுகட்டில் மலைத்தேனீக் கூடு தெரிந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. குரங்குகள் அதிகம், சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்தால் திரும்பக் கிடைக்காது.

கயிறில்லாமல் ஏறும் வீடியோக்களைப் பார்த்து அங்கே முயல்வதும் கூடாது. சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் வெறுங்கையால் ஏறிப் புகழ்பெற்ற ஜோதிராஜ் தேனி மாவட்டத்தில் பிறந்தவர். அவருடைய ஏற்றத்துக்குப் பின்னால் பல வருடப் பழக்கம் இருக்கிறது.

வீட்டில் என்ன சொல்வது?

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 'மலை' என்றாலே பெற்றோருக்குப் பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்துக்குப் பதில், பொய் சொல்லிவிட்டுக் கிளம்புவதல்ல. தங்கும் இடம், வழிகாட்டியின் எண், எந்த நாள் எந்தப் பாறை என்ற விவரத்தை ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாலையில் இறங்கியதும் ஒரு மெசேஜ்.

பெரும்பாலான காப்பீட்டுப் பாலிசிகளில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கும். ஆபீஸ் கொடுத்த பாலிசியை நம்பி இருப்பவர்கள் அதன் விதிகளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அவசரத்துக்கு 108 அல்லது 112. பெரிய மருத்துவமனைகளுக்குப் பாகல்கோட் அல்லது ஹூப்ளி வரை போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைக்கவும்.

ஆக, திட்டமிடும் வரிசை இதுதான்: முதலில் பயிற்சியாளர், அடுத்து தேதி, அதன்பின் காப்பீடு, கடைசியாக டிக்கெட். பாறைக்குக் கீழே போய் நின்ற பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏறுபவர் பிடிப்பவரின் கருவியைப் பார்க்க வேண்டும். பிடிப்பவர் ஏறுபவரின் ஹார்னஸ் பக்கிளையும் முடிச்சையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும்போதும், பத்தாவது முறையானாலும், இதைச் செய்ய வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாது.