தேய்மானத்தை முன்னறிந்த எஞ்சின்

பழுதுற்ற பொருளைச் செப்பனிட்டு ஆள்வதா, எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா என்னும் கேள்விக்கு விடை, அப்பொருளை ஆக்கியவனுடைய அறிவிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது. இதற்குச் சான்றாக, இங்கிலாந்து நாட்டுக் கவென்ட்ரி நகரில் பிறந்த ஒரு சிறிய சாம்பல்நிற டிராக்டரைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சில சொல்ல விழைகிறோம்.

அயர்லாந்துத் தீவில் உழவர் குடும்பத்தில் பிறந்த ஹாரி பெர்குசன் வகுத்த டி.இ.20 என்னும் டிராக்டர், 1946 முதல் 1956 வரை அந்நகரில் செய்யப்பெற்றது. வெளிவந்தவை ஐந்து இலட்சத்துக்கும் மேல். எட்மண்ட் ஹில்லாரி குழுவினர் 1958 ஜனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்ததும், பனிக்கேற்ற தொடர்பட்டை பூட்டிய இவ்வகை டிராக்டர்களில்தான். பெர்குசன் நிறுவனம் 1953இல் மாசி-ஹாரிஸுடன் இணைந்தது. அவ்விணைப்பில் தோன்றிய மாசி பெர்குசனின் கூட்டுறவோடு, 1960இல் நம் சென்னையில் டாபே நிறுவனம் எழுந்தது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கடந்தும் இந்த டிராக்டர்களுள் பல இன்னும் ஓடுகின்றன. அதன் காரணத்தை எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் அறியலாம்.

இவற்றுள் பெரும்பாலானவற்றில் அமைந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் நான்கு சிலிண்டர் எஞ்சின். பிற்காலத்து பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 85 மில்லிமீட்டர். கொள்ளளவு 2088 கன சென்டிமீட்டர். பல எஞ்சின்களில் சிலிண்டரை இரும்புப் பாளத்திலேயே குடைந்துவிடுவர். அது தேய்ந்தால் பாளம் முழுவதையும் பட்டறைக்குக் கொண்டுசென்று, மேலும் அகலக் குடைந்து, பெரிய பிஸ்டன் பொருத்த வேண்டும். இதிலோ லைனர் எனப்படும் நான்கு தனிக் குழாய்கள் பாளத்தினுள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுகிறது. தேய்ந்த குழாயை உருவிவிட்டுப் புதியதை இறக்கினால் போதும். தேய்மானம் வரும் என்பதை முன்னறிந்து, தேயும் உறுப்பைத் தனியே மாற்ற வழி வைத்தவன் அன்றோ நல்ல பொறியாளன்!

எனினும், எளிது என்று எண்ணி அவசரப்படுவார்க்கு இவ்வேலை வசப்படாது. லைனரின் அடியில், 8 என்னும் எண்ணின் வடிவில், இரண்டு லைனர்களுக்கு ஒன்றாக மெல்லிய கேஸ்கட் அமரும். அது அமரும் இடத்தில் பழைய துருவோ மண்ணோ சிறிதும் இருத்தல் ஆகாது. அமர்த்திய பின், லைனரின் மேல்விளிம்பு பாளத்தின் முகத்தைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உயர்ந்து நிற்க வேண்டும். குறைந்தால் மேல்மூடி லைனரை இறுகப் பிடிக்காது. நீர் கசிந்து எண்ணெயிற் கலக்கும். நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளுக்கு நஞ்சு. மேல்மூடியைப் பூட்டும்வரை லைனர்களைப் பட்டை வைத்து இறுக்கியிருத்தலும் இன்றியமையாதது. இன்றேல் கிராங்க் ஷாப்டைச் சுழற்றும்போது பிஸ்டனோடு லைனரும் மேலெழும்பி, அடிக் கேஸ்கட்டின் பிடிப்புக் கெடும்.

கிராங்க் ஷாப்டின் தண்டுகளைக் கண்ணால் பார்த்து மதிப்பிடலாகாது. ஒவ்வொன்றையும் இரு குறுக்குத் திசைகளில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருந்தால் இரண்டு அளவும் வேறுபடும். அவ்வாறாயின் தண்டைக் கடைந்து, குறைத்த அளவுக்கேற்ற பேரிங் இட வேண்டும். பிஸ்டன் வளையத்தின் முனைகளுக்கிடையே சிறு இடைவெளி வேண்டும். வெப்பத்தால் விரியும் வளையத்துக்கு இடமில்லையேல் அது லைனரையே கீறும். வால்வுகளை அதனதன் இருக்கையில் அரைபசை தடவித் தேய்த்துப் பொருத்த வேண்டும். மேல்மூடியின் திருகுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, ஒரேயடியாக அன்றிப் படிப்படியாக முறுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பின், எண்ணெய் இட்டுக் கையாற் சுழற்றிப் பார்த்துத் தடையில்லை என்று தெளிந்த பிறகே நெருப்பூட்டலாம்.

இவற்றுள் மந்திரம் ஒன்றுமில்லை. தூய்மை, அளவு, பொறுமை ஆகிய மூன்றுமே தேவை. உழவன் தன் கொட்டகையிலேயே பெரும்பகுதி வேலையை முடித்துக்கொள்ளும்படி அந்த எஞ்சின் அமைந்திருந்தது.

இன்றைய டிராக்டர் பன்மடங்கு வலிமையுடையது, ஐயமில்லை. ஆனால் கணினி பொருத்திய பெரிய இயந்திரங்கள் பலவற்றில், பழுது யாதென அறிவதற்குக் கூட விற்றவனுடைய கருவியையே நாட வேண்டியுள்ளது. அறுவடைக் காலத்தில் இயந்திரம் நின்றால், பழுது பார்ப்பவன் வரும்வரை கதிர் காத்திருக்குமா? இக்குறையை உழவர் எடுத்துரைத்ததன் பயனாக, அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் சட்டம் ஒன்று இயற்றியது. செப்பனிடுவதற்கு வேண்டிய உறுப்பு, கருவி, குறிப்பு ஆகியவற்றை வேளாண் இயந்திரம் செய்வோர் உழவர்க்கும் அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கவென்ட்ரியின் சிறிய டிராக்டர் சட்டம் எதுவுமின்றியே அளித்த உரிமை அது.

ஆதலின், இயந்திரம் வாங்கும்போது அதன் வலிமையையும் விலையையும் மட்டும் கேட்டு அமைதல் போதாது. தேயும் உறுப்பு எது, அதைத் தனியே மாற்ற முடியுமா, மாற்றும் முறையை நமக்குச் சொல்வார்களா என்றும் கேட்போமாக. நம் பிள்ளைகளுக்கும் ஒரு திருகை முறையாகக் கழற்றி முறையாகப் பூட்டும் பயிற்சியை அளிப்போமாக. செப்பனிடத் தெரிந்த கை, பிறர் தயவை எதிர்நோக்கி நிற்க வேண்டுவதில்லை.