உலாவிக்குள் ஓர் அரண்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதியினரான நமக்குக் ‘குரோம்’ என்னும் சொல்லை முதலில் அறிமுகம் செய்தது கணினியன்று. தோல் பதனிடும் தொழிலே. பச்சைத்தோலை ‘வெட் புளூ’ ஆக்கும் குரோமிய உப்பை நாம் அறிவோம். அதே பெயர் தாங்கிய இணைய உலாவியும் இன்று நம் மாணவர் கைகளில் உள்ளது. இவ்விரண்டுக்கும் பெயரொற்றுமையோடு செயல்நெறியிலும் ஓர் ஒப்புமை உண்டு.

தோல் தொழிற்சாலையின் கழிவுநீர் முழுவதையும் ஒரே வாய்க்காலில் விடுதல் தகாது. மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு கலந்த நீருடன் அமில நீர் சேருமாயின், உயிர்குடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தோன்றும். குரோமிய நீரைத் தனியே பிரித்தால், மக்னீசியம் ஆக்சைடினால் குரோமியத்தைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்கொள்ளலாம். பிரித்தல் காவலுமாகும்; ஆக்கமுமாகும்.

பழைய உலாவிகள் ஒற்றை வாய்க்கால் போன்றவை. பத்துப் பக்கங்களைத் திறப்பினும் அனைத்தும் ஒரே செயல்முறையில் இயங்கின. ஒரு பக்கம் பழுதுற்றால் உலாவி முழுவதும் வீழ்ந்தது. உதவித்தொகை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய மாணவி, வேறொரு பக்கத்தின் பிழையால் அனைத்தையும் இழக்க நேர்ந்தது.

கூகுள் நிறுவனம் 2008 செப்டம்பரில் குரோம் உலாவியை வெளியிட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். அதில் பக்கங்கள் தனித்தனிச் செயல்முறைகளில் இயங்குமாறு பிரிக்கப்பட்டன. ஒன்று வீழினும் பிற நிலைத்தன. மேலும், பக்கத்தை வரைந்து காட்டும் செயல்முறை கணினியின் கோப்புகளை நேரே தொட இயலாது. மையச் செயல்முறையிடம் கேட்டே பெறவேண்டும். 2016இல் பயர்பாக்சும் இவ்வழியில் அடியெடுத்து வைத்தது.

ஆயினும், வெவ்வேறு தளங்களின் கூறுகள் சில வேளைகளில் ஒரே செயல்முறையில் தங்கின. 2018 சனவரியில் ‘ஸ்பெக்டர்’ என்னும் குறைபாடு வெளிப்பட்டது. நுண்செயலி கட்டளைகளை ஊகித்து முன்கூட்டியே இயக்கும்போது எஞ்சும் சுவடுகளைக் கொண்டு, தீய நிரலொன்று உடனுறையும் பிற தளத்தின் செய்தியை உய்த்துணரலாம் என்பதே அது. எனவே அவ்வாண்டிலேயே மேசைக்கணினிக் குரோமில், வெவ்வேறு தளங்களை வெவ்வேறு செயல்முறைகளில் அமர்த்தும் முறை பரவலாக்கப்பட்டது.

இதற்கு விலையும் உண்டு. அந்நாளில் நினைவகத் தேவை ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காடு கூடியது. 2019இல் இம்முறை ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு வந்தபோது, 2 ஜிபி நினைவகமேனும் உள்ள கருவிகளுக்கே, அதுவும் கடவுச்சொல் இடும் தளங்களுக்கே கிட்டியது. எளியோர் கைக்கருவிக்குக் காவலும் எளிதிற் கிட்டவில்லை என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்னொன்றும் நினைவிற் கொள்வோம். அரண் எத்துணை வலிதாயினும், திறவுகோலை நாமே பிறர் கையில் கொடுத்தால் பயனில்லை. போலித் தளத்தில் கடவுச்சொல்லை நாமே எழுதினால் எந்தச் செயல்முறைப் பிரிவும் நம்மைக் காவாது. உலாவியைக் காலத்தோடு புதுப்பிப்போம். கடவுச்சொல்லை அமானிதமாகப் பேணுவோம்.